கொங்காணி இறக்குதல்

போன மாதம் கோர்ட்டிலிருந்து ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். மொழிபெயர்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர். பழைய தமிழ் வாக்குமூலங்களில் வரும் சொற்களுக்குப் பட்டியல் தயாரிக்கிறார்களாம். அங்கே இப்போது தமிழ் படித்தவர்கள் யாரும் இல்லை. அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், சந்தேகத்துக்கு என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது. இதுவரை அங்கிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை.

பட்டியலில் "கொங்காணி" என்று இருந்தது. எதிரே "தலைமூடியுடன் கூடிய மேலங்கி" என்று எழுதியிருந்தது.

"இது யார் எழுதினது?"

"அகராதியில அப்படித்தான் இருக்கு சார். தப்பா?"

"மேலங்கின்னா தையல் இருக்கும், பித்தான் இருக்கும். கொங்காணி போட்டவன் எவனுக்கும் எங்க ஊர்ல சட்டையே கிடையாது. அதுக்கு மேல அங்கி எங்கேருந்து வரும்?"

அவர் சிரித்தார். "அப்போ நீங்களே எழுதிக் குடுங்க சார். ஒரு வரி போதும்."

ஒரு வரியில் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எத்தனை வரியில் முடியும் என்று எனக்கே தெரியவில்லை. உட்கார்ந்து எழுதியதில் இவ்வளவு வந்தது.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். நெல் பிடிக்கும் சணல் கோணிக்கு அடியில் இரண்டு மூலை இருக்கும். ஒரு மூலையை உள்ளே தள்ளி இன்னொரு மூலைக்குள் செருகினால் கூம்பு மாதிரி வரும். அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் மீதிக் கோணி முதுகில் முழங்கால் வரை தொங்கும். மழையில் நாற்று நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், மாடு ஓட்டுகிறவர்கள் போடுவது. குடை பிடித்துக்கொண்டு நாற்று நட முடியாது. கொங்காணி போட்டால் இரண்டு கையும் காலியாக இருக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் கம்பளியிலும் இதே மாதிரி மடிப்பார்கள். மடித்து மாட்டினால்தான் அது கொங்காணி. பிரித்தால் பழையபடி கோணிதான், கம்பளிதான். கடையில் போய்க் கொங்காணி கொடு என்று கேட்க முடியாது. தெலுங்கில் கொங்கடி என்றால் கம்பளி. விரித்தாலும் போர்த்தினாலும் அது கொங்கடிதான். குப்பம் பக்கத்துக் கன்னடக்காரர்கள் மடித்ததைக் கொப்பெ என்பார்கள்.

இது பொருள். உபயோகம் வேறு. அதை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

நான் நகரிப் பக்கத்துக்காரன். கிணறும் நிலமும் இருந்த வீடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஆந்திரா தனியாகப் பிரிந்த சமயத்தில் சித்தூரில் ஒரு கோர்ட்டில் நகல் எழுதச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கை வீங்க எழுதினேன். பிறகு மொழிபெயர்ப்பாளர் வேலை காலியானது. இரண்டு பாஷையும் பிழையில்லாமல் எழுதுகிறவன் அங்கே நான் ஒருத்தன்தான். அதனால் கொடுத்தார்கள். என் திறமையைக் கண்டு மயங்கி ஒருவரும் கொடுக்கவில்லை. கிராமத்து ஆட்கள் என்னைத் துபாசி என்று கூப்பிடுவார்கள்.

வேலை இதுதான். தமிழ் பேசும் சாட்சி கூண்டில் ஏறினால் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். மாஜிஸ்ட்ரேட் தெலுங்கில் கேட்பதை நான் தமிழில் கேட்க வேண்டும். சாட்சி சொல்வதைத் தெலுங்கில் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். முடிந்ததும் எழுதியதைச் சாட்சிக்குத் தமிழில் படித்துக் காட்டி, சரிதான் என்று அவர் சொன்ன பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தெலுங்குதான் சாட்சி சொன்னது. அவர் வாயிலிருந்து வந்த தமிழ் காற்றோடு போயிற்று. இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் சிரஸ்தார், அதாவது ஆபீசுக்குத் தலைமைக் குமாஸ்தா. ஒல்லியான மனிதர். தமிழ் புரியும், பேசும்போது தெலுங்கு கலந்துவிடும். காலையில் வந்ததும் பேனா முள்ளைத் துணியால் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை யாரும் பேசக்கூடாது. திட்டமாட்டார். கேள்வி கேட்பார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் ஆன புதிதில் குப்பம் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் வழக்கு வந்தது. அவருடைய கம்பளியை ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவருக்குத் தமிழும் தெரியும். தமிழில்தான் சொன்னார். அன்று கோர்ட்டுக்கு வெளியே தூறல். அவர் கம்பளி என்று சொன்னதை நான் ஏதோ புத்திசாலித்தனமாகக் "கொங்காணி" என்று எழுதி, தலையில் மாட்டும் மழைப் போர்வை என்று பக்கத்தில் விளக்கமும் போட்டேன். சிரஸ்தார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏமய்யா, எடுத்தப்போ அது ஆள் தலைமேல இருந்துச்சா, வேலிமேல காஞ்சுக்கினு இருந்துச்சா?"

"தெரியாது சார்."

"நீ தலைமேல மாட்டிவெச்சுட்டியே. தலைமேலேருந்து பிடுங்கினா வழிப்பறி. வேலிமேலேருந்து எடுத்தா திருட்டு. எத்தினி வருஷம் வித்தியாசம் தெரியுமா?"

கம்பளி வேலிமேல்தான் இருந்தது. கையெழுத்து ஆவதற்குள் திருத்தினேன். அன்றிலிருந்து அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததை எழுது, உனக்குத் தோன்றியதை எழுதாதே. அந்தப் பாஷையில் சொல் இல்லாவிட்டால் சொல்லை அப்படியே வை, பொருள் எப்படி இருக்கும் என்று சொல். வசவு வந்தால் "வைதார்" என்று ஒரு வார்த்தை போதும், கோர்ட்டு நோட்டு சந்தைக்கடை இல்லை. இந்தக் கடைசி விதிதான் பிற்பாடு என்னைக் குப்புறத் தள்ளியது.

பிறகு எல்லை பிரித்தார்கள். பிரிக்க வந்தவர்கள் வரைபடத்தை மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு, இந்த ஊர் அங்கே, அந்த ஊர் இங்கே என்றார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கம் எங்களிடம் வந்தது. தமிழ் பேசும் ஊர்கள், தமிழில் எழுதின தஸ்தாவேஜுகள், தமிழில் போட்ட பிராது, எல்லாம் மூட்டையாக வந்து இறங்கின. மொழிபெயர்க்க ஆள் போதவில்லை. என்னையும் சிரஸ்தாரையும் திருப்பதிக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே மாஜிஸ்ட்ரேட் கிருஷ்ணா ஜில்லாக்காரர். நல்ல மனிதர், அவசரப்படாதவர், ஆனால் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. எங்கள் பக்கத்து ஊர்களில் யார் யார் எதிரில் எப்படி நிற்பார்கள் என்பதும் தெரியாது.

அந்த மூட்டையில் வந்ததுதான் ஏழுமலை வழக்கு.

வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், ஊர் இன்னும் இருக்கிறது. அங்கே தாமோதரம் என்பவர் பெரிய நிலக்காரர். ஏரி மதகுக்குக் கீழே முதல் பாய்ச்சல் நிலம் முழுக்க அவருடையது. அந்த வருஷம் ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்தது. அவர் நிலத்தில் நெல் முற்றி அறுப்புக்கு நின்றது. ஒருநாள் நடுப்பகலில், மழை கொட்டும்போது, யாரோ மதகைத் திறந்துவிட்டார்கள். நெல் மூழ்கி அழுகிப் போயிற்று. திறந்தது ஏழுமலை என்று தாமோதரம் பிராது கொடுத்தார். ஏழுமலை சேரிக்காரன். அவர் நிலத்தில் கூலி வேலை செய்கிறவன், அவன் அப்பனும் அங்கேதான். நிரூபணமானால் ஜெயில். ஜெயிலுக்குப் போனால் அவன் பெண்டாட்டிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த ஊரில் யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள். ஏழுமலை, "நான் இல்லை" என்று மட்டும் சொன்னான்.

பார்த்த சாட்சி தாமோதரம் ஒருவர்தான். கூண்டில் ஏறி அவர் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

"மழ ஊத்திக்கினு கீது. நான் கொடையப் புடிச்சிக்கினு கழனியப் பாக்கப் போனேன். மதகாண்ட ஒருத்தன் கொங்காணி போட்டுக்கினு நிக்கிறான். எவன்டா அதுன்னு சத்தம் போட்டேன். திரும்பி என்னப் பாத்தான். மரியாத கெட்ட நாயி, கொங்காணியக் கூட எறக்கல. அப்படியே கரையோட போயிட்டான். ஏழுமலதான் அது."

"மூஞ்சி தெரிஞ்சுதா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்கச் சொன்னார்.

"கொங்காணிக்குள்ள மூஞ்சி எப்படிங்க தெரியும்? ஒசரம் தெரியுது, நட தெரியுது. எங்க கழனில நடக்கறவன எனக்குத் தெரியாதா?"

நான் எழுதினேன்: கோணியை மடித்துத் தலையில் மாட்டிய ஒருவன் மதகருகே நின்றான். நான் கூவினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுக் கரையோடு போய்விட்டான். உயரத்தையும் நடையையும் கொண்டு ஏழுமலை என்று அறிந்தேன்.

நாயை விட்டுவிட்டேன். அதோடு சேர்ந்து கொங்காணியை இறக்காததும் போயிற்று. அந்த வாக்கியம் முழுவதையும் வசவு என்று ஒதுக்கிவிட்டேன். "வைதார்" என்றுகூடப் போடவில்லை. மாஜிஸ்ட்ரேட் கேட்டுக்கொண்டிருந்தது என் தெலுங்கை. என் தெலுங்கில் அது இல்லை.

விதிப்படிதான் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அதை எழுதியிருந்தால் மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்த்து, இறக்குவது என்றால் என்ன, எதற்கு இறக்க வேண்டும் என்று கேட்டிருப்பார். நான் விளக்கியிருக்க வேண்டும். சேரியிலிருந்து வருகிறவன், நிலக்காரர் எதிரில் வந்தால், எவ்வளவு மழையானாலும் கொங்காணியைத் தலையிலிருந்து பின்னால் தள்ளிவிட வேண்டும். அவர் பேசி முடித்துத் தாண்டிப் போகும் வரை மழையில் தலை நனைய நிற்க வேண்டும். இதற்குக் கொங்காணி இறக்குதல் என்று பெயர். எங்கள் வீட்டு வாசலிலும் நின்றார்கள். என் நைனா குடைக்குள் நின்றுகொண்டு வரப்பு விவகாரம், மாட்டு விவகாரம் எல்லாம் சாவகாசமாகப் பேசுவார். எதிரே நிற்கிறவன் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். "போட்டுக்கோடா" என்று என் நைனா ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இதைப் போய் ஒரு கிருஷ்ணா ஜில்லாக்காரருக்கு, ஹால் நிறைய ஆள் இருக்கும்போது, தெலுங்கில் விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை.

படித்துக் காட்டினேன். தாமோதரம் சரி என்றார். கையெழுத்துப் போட்டார்.

வாதம் கேட்பதற்குப் பத்து நாள் கழித்துத் தேதி போட்டிருந்தது. அன்று காலையிலிருந்து மழை. கோர்ட்டு வளாகத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. ஜாமீனில் இருந்த ஏழுமலை அதன் கீழே கொங்காணி போட்டுக்கொண்டு நின்றான். நான் வராந்தாவில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். தாமோதரம் தன் மைத்துனரோடு ஜட்கா வண்டியிலிருந்து இறங்கிக் குடையை விரித்தார். அவ்வளவு தூரத்திலும் ஏழுமலை பார்த்துவிட்டான். கை பின்னால் போயிற்று. கொங்காணி தோளுக்கு இறங்கியது. மழை அவன் தலையில் விழுந்தது. தாமோதரம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வராந்தாவில் ஏறி உள்ளே போனார். அதற்குப் பிறகுதான் அவன் மறுபடி மாட்டிக்கொண்டான்.

தன்னை ஜெயிலுக்கு அனுப்ப வந்த ஆள் எதிரில், கோர்ட்டு வளாகத்தில், ஐம்பது பேர் பார்க்க இறக்குகிறான். இவனா ஊர் ஏரிக்கரையில் இறக்காமல் நின்றான்? டீயைக் கீழே வைத்தேன். மதகில் நின்றவன் வேறு ஆள். அதைச் சாட்சியே சொல்லியிருக்கிறார். எழுதாமல் விட்டவன் நான்.

நேரே சிரஸ்தாரிடம் போனேன். அவர் பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காத்திருக்காமல் பேசினேன். அவர் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சாட்சி கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"கையெழுத்து விழுந்த காகிதம் பொணம் மாதிரி. அதை எழுப்பி உக்காரவெக்க முடியாது."

"சொன்ன வாக்கியத்த நான் எழுதல சார்."

"அந்த ஆளு உனக்கு என்ன ஆகணும்?"

"ஒண்ணும் ஆகல."

"உங்க ஜாதியா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"நான் வுட்டது சார். அவன் உள்ள போவான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எழுது. சாட்சி இன்ன வாக்கியம் சொன்னார், நான் அதை விட்டுவிட்டேன், குற்றம் என்னுடையது. காரணம் எழுதாதே. காரணம் எழுதினா அது கெஞ்சறது. சர்வீஸ் புஸ்தகத்துல ஏறும். தெரியுமா?"

"தெரியும்."

"வெறும் வாக்கியம் எழுது. சாட்சி எப்படிச் சொன்னாரோ அப்படி."

"நாயி?"

"நாயும்தான்."

எழுதினேன். இரண்டு முறை படித்தார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு அவரே மாஜிஸ்ட்ரேட் அறைக்கு எடுத்துப் போனார். அவர் அப்படி எழுந்து போய் நான் பார்த்தது அது ஒரு முறைதான்.

வாதத்தை நிறுத்திவிட்டார்கள். சாட்சியை மறுபடி கூப்பிட்டு விசாரிக்க மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட்டார். போலீஸ் தரப்பில் வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டர் ஆட்சேபித்தார். எடுபடவில்லை. மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்து, "அந்தப் பொருள் எப்படி இருக்கும், காட்டுங்கள்" என்றார்.

வெளியே போய் ஏழுமலை வராந்தாவில் விட்டிருந்த கோணியை எடுத்துவந்தேன். நனைந்து கனமாக இருந்தது. ஹாலின் நடுவில் நின்று மூலைக்குள் மூலையைச் செருகி என் தலையில் மாட்டினேன். என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. உள்ளே இருட்டாக இருந்தது. ஈரச் சணலும் சாணியும் வியர்வையும் நாறியது. பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை, எதிரில் இருப்பது மட்டும் தெரிந்தது. என் சட்டைக் காலரில் தண்ணீர் இறங்கியது. யாரோ சிரித்தார்கள். "இறக்குவது எப்படி?" என்றார் மாஜிஸ்ட்ரேட். பின்னால் தள்ளிக் காட்டினேன். "எதற்காக?" என்றார். பத்து நாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன்.

தாமோதரம் கூண்டில் ஏறினார். ஹாலின் பின்பக்கத்தில் அவர் ஊர் நிலக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள், மைத்துனரும் இருந்தார். சன்னலுக்கு வெளியே சேரிக்காரர்கள் நின்றார்கள். மாஜிஸ்ட்ரேட் கேட்கக் கேட்க நான் தமிழில் கேட்டேன்.

"மதகாண்ட நின்னவன் உங்களப் பாத்தானா?"

"பாத்தான்."

"யாருன்னு தெரிஞ்சுதான் பாத்தானா?"

"என்னத் தெரியாதவன் அந்த ஊர்ல எவன் கீறான்?"

"கொங்காணிய எறக்கினானா?"

"எறக்கல. அத்ததான் அன்னிக்கே சொன்னேனே." என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏழுமலை உங்க எதிர்ல எறக்காம நிக்கிறது உண்டா?"

உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கு அவருடையது. இன்ஸ்பெக்டர் அந்த வார்த்தைக்காகத்தான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தாமோதரம் பார்த்தது ஹாலின் பின்பக்கத்தை. தன் கூலியாள் தன் எதிரில் தலையை மூடிக்கொண்டு நிற்பான் என்று அத்தனை பேர் கேட்கச் சொன்னால், அடுத்த சந்தைக்குள் அது சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்விடும்.

"அவனா? என் எதிர்லயா?" என்றார். குரல் ஏறியது. "அவன் அப்பன் நின்னதில்ல, அவன் பாட்டன் நின்னதில்ல. எறக்காத நிக்கிறதுக்கு அவனுக்கு தில்லு கீதா? கேட்டுப் பாருங்க, ஊரே சொல்லும்."

"அப்படியானால் மதகில் நின்றது யார்?" என்று மாஜிஸ்ட்ரேட் தெலுங்கிலேயே கேட்டார். நான் தமிழில் சொல்வதற்கு முன்பே தாமோதரத்துக்குப் புரிந்துவிட்டது. பதில் இல்லை என்று எழுதினேன்.

என் சர்வீஸ் புத்தகத்தில் கவனக்குறைவு என்று ஏறியது. எனக்கு வரவேண்டிய பதவி இரண்டு வருஷம் தள்ளிப் போயிற்று. வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

தீர்ப்பு அடுத்த வாரம். ஏழுமலை விடுதலை. தீர்ப்பை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, அவன் பாஷையில் படித்துச் சொல்ல வேண்டும். அதுவும் என் வேலை. மாஜிஸ்ட்ரேட் நல்ல எண்ணத்தோடு நீளமாக எழுதியிருந்தார். "எதிரி தலைமுறை தலைமுறையாகப் பணிவுடன் நடந்துவருபவர் என்பதைச் சாட்சியே ஒப்புக்கொள்கிறார். எஜமானர் எதிரில் தலையை மூடி நிற்கும் துணிவு எதிரிக்கு இல்லை. சாட்சி கண்டது பணிவற்ற வேறொரு ஆளாகத்தான் இருக்க வேண்டும்." நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். முகத்தில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் பஸ் நிலையத்துப் பக்கம் போனேன். பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"துபாசி அய்யா, ஒரு நிமிசம்."

"அதான் வுட்டுட்டாங்களே. வூட்டுக்குப் போ."

"போறேங்க. எனக்காவ நீங்க பேப்பர் எழுதிக் குடுத்தீங்களாமே. வேலைக்கு ஏதோ ஆயிடுச்சின்னு வக்கீலு சொன்னாரு."

"உனக்காவ இல்ல. என் தப்பு அது. வுடு."

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். கோணி மடித்தபடி அவன் அக்குளில் இருந்தது.

"மதகத் தொறந்தது நான்தாங்க."

நான் அவன் பக்கம் நகர்ந்து நின்றேன்.

"எங்க சேரியாண்ட கரை கரைஞ்சிக்கினே வந்துச்சி. இன்னும் ஒரு ராத்திரி தாங்காது. அவராண்ட ரெண்டு வாட்டி போயி சொன்னேன், ஆண்டே, தொறந்து வுட்டுடலாம், புள்ள குட்டிங்க கீதுன்னு. எறக்கிக்கினு நின்னுதான் சொன்னேன். அறுப்பு முடியட்டும் போடான்னாரு. அப்பால நானே போயி தொறந்துட்டேன். அவரு வந்து சத்தம் போட்டாரு. எறக்கக் கை போச்சிங்க. பாதி போயிடுச்சி. அப்பால இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்."

"அப்போ அன்னிக்கு வேப்பமரத்தாண்ட?"

"அங்க எறக்காத நின்னா, மதகாண்ட நின்னவன் நான்தான்னு நானே காட்டிக் குடுத்தாப்பல ஆவாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"ஒண்ணு கேக்கணுங்க. நீங்க படிச்சீங்களே அந்தத் தீர்ப்பு, அத்த மாத்த முடியுமா?"

"உன்ன வுட்டத மாத்தணுமா? உனக்கு இன்னா பைத்தியமா?"

"அது அப்படியே இருக்கட்டும். பணிவு, துணிவு இல்லன்னு எழுதிக்கீதே. அது மட்டும்."

"முடியாது."

தலையை ஆட்டினான். முடியாது என்று அவனுக்கும் தெரியும்போல.

"பொறந்ததுலேருந்து ஒரே ஒரு வாட்டிதாங்க எறக்காத நின்னேன். அது நான் இல்லன்னு சர்க்காரே எழுதி முத்திரை போட்டுடுச்சி. எம் புள்ளகிட்டகூடச் சொல்ல முடியாது. சொன்னா ஊர்ல தெரிஞ்சி மறுபடி கேசு ஆயிடும்."

சத்தியவேடு பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

கோர்ட்டு ஊழியன் என்ற முறையில் இதை நான் மேலே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிரஸ்தாரிடம்கூடச் சொல்லவில்லை. ஏழுமலையும் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். தாமோதரம் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஏழுமலை இறந்து நாலு வருஷம். அவன் மகன் அதே பக்கத்தில் சொந்தமாக முக்கால் ஏக்கர் வைத்திருப்பதாகக் கேள்வி. இனிமேல் இதற்காக யாரையும் யாரும் உள்ளே தள்ள முடியாது. அதனால் இப்போது எழுதுகிறேன். அன்று மதகைத் திறந்தவன் ஏழுமலைதான். கொட்டுகிற மழையில், தாமோதரத்துக்கு நேர் எதிரே, அவர் முகத்தைப் பார்த்தபடி, அவன் கொங்காணியை இறக்காமல் நின்றான்.